தலாத் குளிருக்கு ஒரு போர்வை

அக்தர் பானு சைகோன் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆறு வருஷம் கழித்துப் பார்க்கிற புருஷனிடம் கேட்ட முதல் கேள்வி, "தலாத்துக்கு ரயிலு எப்ப மச்சான்?" என்பதுதான். சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. இளைத்துப்போய்விட்டீர்களே என்று சொல்லவில்லை. நான் என் முதலாளி ஹாஜியாரிடம் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வெயிலில் மூன்று மணி நேரம் நின்றிருந்தேன். அந்தக் கோட்டையும் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

தலாத் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் பக்கீர் மைதீன். காரைக்கால்காரன். ஐம்பத்தொன்றில் சைகோனுக்கு வந்தேன். பென் தான் சந்தைக்கு எதிரே ஹாஜியார் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. கடல் கடந்து பிழைக்கப் போவதை எங்கள் பக்கத்தில் சபுர் என்போம், போகிறவனைச் சபுராளி என்போம். சபுராளி உலகத்தையே சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறான் என்று ஊரில் எல்லோருக்கும் நினைப்பு. மண்ணாங்கட்டி! காலையில் பலகைக் கதவைக் கழற்றினால் திரும்ப மாட்டுகிற வரைக்கும் மீட்டர் கோலும் கத்தரிக்கோலும்தான். படுக்கை கடைக்கு மேலேயே மச்சில், நாலு பேரோடு. வெள்ளிக்கிழமைக்குப் பள்ளிவாசல். கடையிலிருந்து பள்ளிவாசல், பள்ளிவாசலிலிருந்து கடை, ஒன்பது வருஷத்தில் நான் பார்த்த வியட்நாம் அவ்வளவுதான்.

நடுவில் ஐம்பத்துநான்கில் ஊருக்குப் போய் அக்தர் பானுவைக் கலியாணம் செய்துகொண்டேன். எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பது. நான்கு மாசம் இருந்தேன். பிறகு கப்பல். அதற்குப் பிறகு எல்லாம் கடுதாசிதான்.

இந்தக் கடுதாசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பெரிய புளுகன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். சபுரிலிருந்து கடுதாசி வந்தால், அது யார் பெயருக்கு வந்தாலும், கூடத்தில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். மாமி, அதாவது அக்தர் பானுவின் உம்மா, பாயில் உட்கார்ந்திருப்பார். கொழுந்தியாள்கள் கதவோரம். பக்கத்து வீட்டுப் பெண்கள் அடுப்பங்கரையில். வாசிக்கிறவர் மாமியின் தம்பி, எங்கள் மாமா, பாங்கு சொல்கிற தொண்டை அவருக்கு. இத்தனை பேருக்கு நடுவில் ஒருவன் தன் பெண்டாட்டிக்கு என்னத்தை எழுதுவான்? உன் நினைப்பாகவே இருக்கிறது என்று எழுதினால் அந்த மனுஷன் அதையும் தெருமுனை வரைக்கும் கேட்க வாசித்துத் தொலைத்துவிடுவார். அப்புறம் நான் ஊருக்குப் போய் யார் முகத்தில் முழிப்பது?

அதனால் ஊர்களைப் பற்றி எழுதினேன். கடைச் சுவரில் விமானக் கம்பெனி காலண்டர் ஒன்று தொங்கியது, மாசத்துக்கு ஒரு படம். அதைப் பார்த்து எழுதினேன். நாத்ராங் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நீந்தி அக்கரைத் தீவுக்குப் போய் வந்தேன் என்று எழுதினேன். எனக்கு நீச்சல் தெரியாது. பான்தியேத்தில் நம்ம செய்யது மரைக்காயர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன், மீன் ஆணம் பிரமாதம் என்று எழுதினேன். முதல் கடுதாசியே தலாத்தைப் பற்றித்தான். இந்த நாட்டில் தலாத் என்று ஒரு மலையூர் உண்டு, அங்கே போயிருந்தேன், குளிர் பொறுக்க முடியவில்லை, ஒற்றை ஆளாக அந்தக் குளிரில் படுத்து எழுந்திருப்பது பெரும் பாடு என்று எழுதியிருந்தேன். காலண்டரில் அது டிசம்பர் மாசத்துப் படம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்படித்தான் எழுத வந்தது.

அதற்கு என்ன பதில் வந்தது தெரியுமா? அடுத்த கப்பலில் வந்த ஓர் ஊர்க்காரர் கையில் மாமி ஒரு கம்பளிப் போர்வை கொடுத்து அனுப்பிவிட்டார்! அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு, சணல் கயிறு போட்டு இறுகக் கட்டிய மூட்டை. சைகோன் வெக்கையில் மேல்துண்டே பாரம். மூட்டையை அப்படியே தகரப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, மறுபடியும் தலாத் போனேன், போர்வைதான் காப்பாற்றியது என்று எழுதிவிட்டேன்.

அறுபதாம் வருஷத் தொடக்கத்தில் ஹாஜியார் தம் வீட்டம்மாவைச் சைகோனுக்கு வரவழைத்தார். அந்த அம்மாவுக்குத் துணையாகத்தான் அக்தர் பானு வந்தாள். ரமலான் கழிந்து பெருநாள் முடிந்ததும் இருவரும் சேர்ந்து திரும்புவதாக ஏற்பாடு. இடையில் தேத் வந்தது. வியட்நாம்காரர்களின் வருஷப் பிறப்பு. அந்த ஒரு வாரத்தில்தான் சைகோனில் கடைகள் பூட்டிக் கிடக்கும். அவள் இதையெல்லாம் கப்பலிலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள்.

"ஏழு நாளு இக்கிதுல்ல மச்சான்? நீங்க எழுதுன ஊரையெல்லாம் பாத்துட்டு வந்துரலாம்" என்றாள், ஹாஜியார் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு.

"அதெல்லாம் தூரம் புள்ளே. செலவு."

"மூணாங் கிளாசுல போவோம். நீங்க எப்படிப் போனீங்களோ அப்படித்தானே?"

நான் எப்படிப் போனேன்! சம்பளத்தை அவ்வப்போது ஊருக்கு அனுப்பிவிட்டேன். கையில் இருந்தது ரயிலுக்குப் போகும், சோற்றுக்கும் படுக்கைக்கும் போகாது. இதைச் சொன்னால் விட்டுவிடுவாள் என்று சொன்னேன். அவள் விடவில்லை. ஹாஜியார் வீட்டம்மாதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "ஏம்ப்பா, உங்க கலியாண விருந்து இந்தப் பக்கத்துச் சொந்தக்காரவொ யாரும் இன்னும் வைக்கலயே? பான்தியேத்துல மரைக்காயர் வீடு, நாத்ராங்ல சேக்கு வீடு. விருந்துன்னு சொல்லி ஒரு கார்டு போட்டுட்டுப் போங்களேன். சோறும் ஆச்சு, படுக்கையும் ஆச்சு."

அட, நல்ல யோசனை என்று எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. புது மாப்பிள்ளை பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் முறை வைத்து விருந்து போடுவது எங்களில் விட முடியாத கடமை. ஆறு வருஷம் பழசானாலும் அது பாக்கிதான். காசே இல்லாமல் பாதி வியட்நாமைச் சுற்றலாம்! இந்த மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிட்டேன். நான் ஏற்கனவே தங்கி, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டதாக எழுதிய வீடுகளும் இதே வீடுகள்தான். கார்டு போட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. புளுகு வெளிப்பட்டால் இவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? நாலே மாசம் என்னோடு வாழ்ந்த பெண்ணுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தக் கடுதாசிகள்தானே? அது பொய் என்றால் நானே பொய் என்றாகிவிடாதா? தூக்கம் போயிற்று.

புறப்படுகிற அன்று மச்சில் யாருமில்லை. அவள் ஏறி வந்து என் தகரப் பெட்டியைத் திறந்து, மாற்றுத் துணி எடுத்து வைத்தாள். அடியில் கிடந்த போர்வை மூட்டையை வெளியே எடுத்தாள். கயிற்றைத் தடவிப் பார்த்தாள். ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று காத்திருந்தேன். "இதையும் எடுத்துக்குவோம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தைக்குப் பக்கத்திலேயே ரயிலடி. தேத் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். கோழிக் கூடை, மஞ்சள் பூந்தொட்டி, தர்ப்பூசணி, பிள்ளைகள், எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகவே ஏற்றுகிறார்கள். முழங்கையால் இடித்துத் தள்ளி இடம் பிடித்தேன். "சோய் ஓய்!" என்று ஒரு கிழவர் கத்தினார். கடவுளே என்று அர்த்தம். நானும் திரும்பக் கத்தினேன். அக்தர் பானு போர்வை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணெல்லாம் பளபளக்க உட்கார்ந்திருந்தாள்.

"ஜன்னலோரம் நீங்க உக்காருங்க மச்சான்."

"நீ பாரு புள்ளே. நீதானே பார்க்கணும்னு வந்தே."

"எனக்குக் கண்ணு தூரமாத் தெரியும். நீங்க உக்காருங்க."

புருஷனுக்கு மரியாதை கொடுக்கிறாள் என்று நினைத்து உட்கார்ந்தேன். ரயில் கிளம்பியது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். சைகோன் முடிந்து வயல் தொடங்கியதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எருமை மேல் படுத்துக்கொண்டு ஒருவன் போகிறான்! ரப்பர் மரங்கள் ராணுவம் மாதிரி வரிசையாக நிற்கின்றன! சிவப்பு மண், குங்குமம் கொட்டினாற்போல. ஒன்பது வருஷமாக நான் துணி கிழித்துக் கொடுத்த ஜனங்கள் இந்த ஊர்களிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். கையைக் காட்டி "அங்க பாரு, அங்க பாரு!" என்று கத்திக்கொண்டே வந்தேன். நடுவில் சுதாரித்து, பலமுறை பார்த்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அடுத்த வளைவில் ஒரு மலை வரும், மறுபடியும் மறந்துவிடுவேன்.

பான்தியேத்துக்குக் கிளை ரயில் மாறிப் போக வேண்டும். ஊர் வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. மீனை உப்பில் ஊறவைத்து நுவோக் மாம் என்று ஒரு சாறு எடுக்கிறார்கள், அந்த ஊர் முழுக்க அதன் பீப்பாய்கள்தான். "இந்த நாத்தத்தை நீங்க எழுதவேயில்லையே மச்சான்" என்றாள். காலண்டரில் நாற்றம் எப்படி வரும்? "பழகிப்போச்சு" என்றேன்.

மரைக்காயர் வீட்டு வாசலில் எனக்கு முதல் அடி விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கலியாணமான பெண்ணோ மாப்பிள்ளையோ ஒரு சொந்தக்கார வீட்டுப் படியை முதல் தடவை மிதிக்கும்போது, நிற்க வைத்துப் பாலும் பழமும் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான். மறு தடவை போனால் வெறும் தேத்தண்ணிதான். மரைக்காயர் சம்சாரம் தாம்பாளத்தோடு வெளியே வந்தார். தாம்பாளத்தில் இரண்டு கிளாஸ்.

"எனக்கு வேணாம் லாத்தா" என்று அக்கா முறை சொல்லி அவசரமாக மறுத்தேன். "எனக்கு... பால் ஒத்துக்கிறதில்லை."

"நல்லாயிக்கிதே! புது மாப்பிள்ளை முதமுதல்ல படி ஏறி வர்றாஹ, பால் குடுக்காம உள்ள விடுவேனா? குடிங்க தம்பி!"

ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்தர் பானு தன் கிளாஸை வாங்கி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பிறகு அவள் காதோடு, "போன தடவை கடையிலேயே தங்கிட்டேன், வீட்டுக்குள்ள வரலை" என்றேன். "அப்படியா மச்சான்" என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் விருந்து. நெய்ச்சோறு, தாளிச்சா, கோழி, வட்டிலப்பம். முடிந்ததும் பசியாற இடியாப்பம். அது முடிந்ததும் பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் சீனிச்சோறு. காசில்லாமல் சுற்றலாம் என்று கிளம்பினால் இதுதான் சங்கடம், வாயைத் தவிர எதையும் திறக்க விடமாட்டார்கள். மணல் மேட்டைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். "மணலை என்னத்தப் பாக்குறது, காரைக்கால்ல இல்லாத மணலா?" என்று லாத்தா இன்னொரு கரண்டி வைத்தார். மறுநாள் விடிந்ததும், பசியாறக் கூப்பிடும் முன், பின்வாசல் வழியாக என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். நிஜமாகவே ஓடினாள்! சிவப்பு மணல் மலை மலையாகக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, உச்சியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. கடைக்குள்ளேயே கிடந்த உடம்பு. ஆனாலும் நான் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை சறுக்கினேன்.

நாத்ராங்கில் சேக்கு. எனக்குக் கலியாண வழியில் மச்சான் முறை. வாய் என்றால் வாய், மூடவே மூடாது. அவருடைய மனைவி மரியம் அந்த ஊர் வியட்நாம் பெண். ஆனால் பேசினால் காரைக்கால் கடைத்தெருவில் பிறந்தவள் மாதிரி இருக்கும். அங்கேயும் இரண்டு கிளாஸ் பால். நான் வாயைத் திறக்குமுன் சேக்கு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"வாய்யா பெரிய மனுசா! ஒம்போது வருசமா சைகோன்ல இக்கிறாரு, ஒரு தரம் இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருப்பாரா? இந்தப் புள்ள வந்துதான் உன்னை இழுத்துட்டு வரணும்னு இக்கிது! கல்லாப் பெட்டிக்குக் காவல் காத்தே கிழவனாயிருவே போலிக்கிதே!"

தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அக்தர் பானு பாலைக் குடித்து முடித்து, கிளாஸை மரியம் கையில் கொடுத்து, "சீனி ரொம்பத் தூக்கலா இக்கிது லாத்தா, நல்லாயிக்கிது" என்றாள்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அந்தத் தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வது? நான் ஜவுளிக்காரன், நீலத்தில் முப்பது வகை எனக்குத் தெரியும், அந்த நீலம் எங்கள் கடையில் கிடையாது. காலண்டர்காரன் ஏமாற்றவில்லை, குறைத்துத்தான் அச்சடித்திருக்கிறான். அவள் கணுக்கால் நனைய நின்றுகொண்டு, "நீந்திப் போன தீவு எது மச்சான்?" என்று கேட்டாள். சேக்கும் பக்கத்தில் நிற்கிறார். நான் இருப்பதிலேயே கிட்டத்தில் தெரிந்த ஒன்றைக் காட்டினேன். "அதுக்கா?" என்று சேக்கு வாயைப் பிளந்தார். "படகுலயே அரை மணி நேரமாகும்யா!" ஓர் அலை வந்து வேட்டியை முழங்கால் வரை நனைத்தது. அதையே சாக்காக வைத்துக் கரையேறிவிட்டேன்.

மறுநாள் தலாத்துக்குக் கிளம்பினோம். மரியம் வாழை இலையில் சோறும் கறியும் கட்டிக் கொடுத்தாள், தலாத்தில் நமக்கு யாரும் இல்லை, ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கடற்கரை ரயிலில் வந்து தாப் சாமில் மலை ரயிலுக்கு மாறினோம். அங்கே உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"பானு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கடுதாசியில..."

"வெளிய பாருங்க மச்சான்! தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு இக்கிது!"

ஆமாம், பல் இருந்தது. செங்குத்தாக ஏறுகிற மலை, எஞ்சின் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. பக்கத்தில் ஒருவன் இறங்கி நடந்தால் ரயிலை முந்திவிடுவான். ஒரு வளைவில் கீழே பார்த்தால் நாங்கள் வந்த தடம் நூல் மாதிரி கிடக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடங்கினேன். "வெளிய பாருங்க, அருவி!" மூன்றாவது தடவை குகைக்குள் போய்விட்டோம், முகமெல்லாம் கரி. வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எதிரில் இருந்த வியட்நாம் குடும்பமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஊசி இலை மரங்கள் வந்தன. காற்று மாறியது. கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அவள் கையைப் பார்த்தேன், அவளுக்கும் அப்படியே.

தலாத்தில் இறங்கியதும் ஹோட்டல் இருக்கிற பக்கமே நாங்கள் திரும்பவில்லை. சந்தைக்குப் பின்னால் கோஸ் விற்கிற ஒரு பெண் தன் வீட்டில் ஒரு பலகைக் கட்டிலை வாடகைக்கு விட்டாள். வெயில் இறங்கியதும் ஆரம்பித்தது பாருங்கள்! இதற்கா நான் ஆறு வருஷத்துக்கு முன் மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குளிர் குளிர் என்று எழுதினேன்? பல் தந்தி அடிக்கிறது. காது கழன்றுவிடும்போல் இருக்கிறது. அல்லாவே, நான் எழுதியதெல்லாம் நிஜம்!

போர்வை மூட்டையை எடுத்தேன். கயிறு அவிழவில்லை. நகத்தால் நோண்டினேன், பல்லால் கடித்தேன், விரல்கள் விறைத்துப்போய் எதுவும் நடக்கவில்லை. எரிச்சலில், "எந்தக் கிறுக்கன் கட்டினது இது!" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றாள்.

மூட்டையை வாங்கினாள். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. முடிச்சு கழன்று விழுந்தது. போர்வையை உதறினாள். மாமி உள்ளே வைத்திருந்த வேப்பிலை பொடிப்பொடியாகக் கட்டிலில் கொட்டியது.

"உம்மா மடிச்சாஹ. நான் கட்டுனேன். இந்த முடிச்சு எங்க வாப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது, வேற யாருக்கும் போடத் தெரியாது. மச்சில உங்க பெட்டியத் தெறந்தப்பவே பாத்துட்டேன் மச்சான். நீங்க ஒரு குளிரும் பாக்கலை."

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். பாலும், தீவும், சேக்கின் வாயும் எதற்கு? சைகோனைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே மாட்டிக்கொண்டிருக்கிறேன். கோபம் வந்தது, அவமானத்தில் வருகிற கோபம். "தெரிஞ்சிருந்தும் ஏன் கேட்கலை? ஊர் ஊரா கூட்டிட்டுப் போயி என்னைக் கோமாளி ஆக்கினியா?"

"இல்லை மச்சான்."

"பின்ன?"

அவள் போர்வையின் ஒரு பக்கத்தை என் தோளில் போட்டு, மறுபக்கத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "கூடத்துல மாமா வாசிச்சப்ப எல்லாரும் பாவம் பாவம்னாஹ. உம்மா உடனே போர்வை வாங்க ஆளு அனுப்பிட்டாஹ. ஒத்தை ஆளா படுத்து எழுந்திருக்கிறது பெரும்பாடுன்னு எழுதுனீங்கள்ல? அது தலாத்தைப் பத்தி இல்லைன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிச்சு. நான் அடுப்பங்கரைக்குள்ள ஓடிப்போயி அழுதேன். கடல், தீவு, மலைன்னு அப்புறம் எத்தனை எழுதுனீங்க, எல்லாம் எனக்குத்தான்னு தெரியும். பெட்டியத் தெறந்து இந்த முடிச்சப் பாத்ததும்தான் நெஞ்சு வெடிச்சுப் போச்சு. இத்தனையும் எழுதுனவரு ஒண்ணையுமே பாக்கலை. கடைக்குள்ளயே இருந்திக்கிறாரு."

நான் நழுவிய போர்வையை அவள் தோளில் இழுத்துவிட்டேன்.

"நான் பாக்கவா மச்சான் இந்தப் பயணம் வந்தேன்? உங்களுக்குக் காட்டத்தான். அதான் ஜன்னலோரம் உக்காரச் சொன்னேன்."

நான் அழுதேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. தண்டவாளத்துப் பல்லும் அருவியும் சிவப்பு மணலும் எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் வந்து முட்டியது.

விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனோம். ஒரே போர்வைக்குள் இரண்டு பேர், ஒரு சிறுமி கையைக் காட்டிச் சிரித்தாள். சிரிக்கட்டுமே! தண்ணீர் மேல் வெள்ளையாகப் பனி. அக்தர் பானு "ஹா" என்று வாயைத் திறந்தாள். புகை வந்தது. அவள் துள்ளிக் குதித்ததில் போர்வை நழுவிவிட்டது. "சுருட்டு இல்லாமலே புகை வருது மச்சான்! நீங்க விடுங்க!" நான் விட்டேன். என் புகை அவளுடையதைவிடத் தூரம் போயிற்று என்று நான் சொல்ல, இல்லை என்று அவள் சொல்ல, நாங்கள் சண்டையே போட்டோம். மரியம் கட்டிக் கொடுத்ததில் மிச்சமிருந்த சில்லென்ற சோற்றை அங்கேயே உட்கார்ந்து தின்றோம். எந்த விருந்திலும் எனக்கு அப்படிப் பசித்ததில்லை.

ஏழாம் நாள் கடை திறக்கிற நேரத்துக்குச் சைகோன் வந்துவிட்டோம். பெருநாள் முடிந்தது. ஹாஜியார் வீட்டம்மாவோடு அக்தர் பானு கப்பல் ஏறினாள். போகும்போது போர்வையை மடித்துத் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு இது எதுக்கு?" என்றாள். கப்பல் ஆற்று வளைவில் மறைகிற வரைக்கும் நின்றேன். அப்புறம் கடை, பள்ளிவாசல், கடை.

ஒரு மாசம் தாங்கினேன். சித்திரை வெயில் சைகோன் தகரக் கூரைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மச்சில் கூடப் படுத்தவர்கள் பனியனைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் காகிதத்தை எடுத்தேன். வேறு ஊர் எதையும் எழுதவில்லை. சலாம் சொல்லி, எல்லோரையும் விசாரித்துவிட்டு, ஒரே ஒரு வரி எழுதினேன். "இங்கே சைகோனில் இந்த வருஷம் குளிர் தாங்க முடியவில்லை."

மாமா அதையும் கூடத்தில் அதே தொண்டையில் வாசித்திருக்கிறார். "சித்திரையில குளிரா? மாப்பிள்ளைக்கு மூளை கீளை கலங்கிப்போச்சா?" என்று கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். கொழுந்தியாள்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மாமி மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தாராம். எழுந்து உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாராம்.

அடுத்த கப்பலில் மாமி போர்வை அனுப்பவில்லை. மகளை அனுப்பிவிட்டார்.